பதிவு செய்த எண்

ஒரு நாளைக்கு முந்நூறு தழும்புகளைப் பார்க்கிறேன். ஒன்றையும் கண்ணால் பார்த்ததில்லை. இதுதான் என் உத்தியோகம். சொன்னால், "அப்படியெல்லாம் ஒரு வேலையா?" என்று வாயைப் பிளப்பார்கள். அடுத்த நிமிடமே, "உட்கார்ந்த இடத்துல சம்பளம், உங்களுக்கென்ன" என்பார்கள். ஒரு வாரம் வந்து உட்கார்ந்து பார்த்தால் தெரியும்.

முதல் குழந்தை சிசேரியனில் பிறந்தால் கருப்பையில் ஒரு தையல் தழும்பு நிற்கும். அடுத்த பிள்ளை வளர வளர அந்த இடம் இழுபட்டு மெலியும். பெரும்பாலானவர்களுக்கு ஒன்றும் ஆகாது. சிலருக்குப் பிரிந்துவிடும். பிரிந்தால் தாய்க்கும் பிள்ளைக்கும் சேர்த்தே ஆபத்து. முன்பெல்லாம் எப்போதாவது ஒரு ஸ்கேன் எடுத்து, பார்ப்பவர் கைவாகுக்குத் தகுந்தபடி ஓர் அளவைச் சொல்வார்கள். இப்போது பெல்ட் வந்துவிட்டது. அடிவயிற்றில் கட்டிக்கொண்டால் போதும். காதுக்குக் கேட்காத ஒலியை உள்ளே அனுப்பி, திரும்பி வருவதை வைத்துத் தழும்பின் கனத்தை அளந்துகொண்டே இருக்கும். அந்த அளவு மதுரையில் எங்கள் மையத்துத் திரையில் ஒரு கோடாக ஓடும். பச்சை என்றால் நலம். மஞ்சள் என்றால் கவனம். சிவப்பு என்றால் உடனே ஆஸ்பத்திரி.

முதலில் வந்த பெல்ட்டுகள் சிவப்பானால் வயிற்றிலேயே அதிரும். பெண்கள் பயந்துவிடுகிறார்கள் என்று ஒரு குழு போட்டு அதை எடுத்துவிட்டார்கள். குழுவில் ஒரு பெண்ணும் இருந்தாராம், அவரும் கை தூக்கினாராம். இப்போது பெல்ட் ஊமை. எந்தச் செய்தியானாலும் பதிவு செய்த எண்ணுக்குத்தான் போகும்.

பதிவு செய்யும்போது நம்பர் கேட்பார்கள். நம் பெண்கள் என்ன சொல்வார்கள்? வீட்டுக்காரர் நம்பரைச் சொல்வார்கள். கையில் சொந்தமாக ஒரு போனை வைத்துக்கொண்டே சொல்வார்கள். சிலிண்டருக்கும் அந்த நம்பர், ரேஷன் கார்டுக்கும் அந்த நம்பர், கர்ப்பப்பைக்கும் அந்த நம்பர். நான் பார்க்கும் முந்நூறு தழும்புகளில் முக்கால்வாசி ஆண்களின் பெயரில்தான் இருக்கின்றன.

கனிஷ்காவின் தழும்பும் அப்படித்தான். அருப்புக்கோட்டைக்காரி, இரண்டாவது பிரசவம். எண் அவள் கணவன் ஹரிகரசுதனுடையது. கோடு பெல்ட் கட்டிய நாளிலிருந்தே பச்சை. பாய் விரித்தாற்போல் சமமாக ஓடும். மற்ற கோடுகள் படுத்தும் பாட்டுக்கு நடுவில் அதைப் பார்த்தால் எனக்கே கொஞ்சம் மூச்சு வரும்.

பங்குனி பாதியில் ஹரிகரசுதன் மையத்துக்குப் போன் செய்தான்.

"மேடம், ஒரு சின்ன உதவி. எங்க நம்பருக்கு ஒரே ஒரு சிவப்பு அனுப்ப முடியுமா?"

"என்ன சார் சொல்றீங்க? உங்க மனைவிக்குத் தழும்பு அருமையா இருக்கு. மூணே முக்கால் மில்லிமீட்டர்."

"அதான் மேடம் பிரச்சினையே. அவளுக்குத் தேதி சித்திரையில விழுது. மொதல்ல பொண்ணு. இது பையனா இருந்து, சித்திரையில பொறந்துட்டா குடும்பத்துக்கே ஆகாதுன்றாங்க. பங்குனி இருபத்தெட்டுக்கு நல்ல நேரம் குறிச்சு வாங்கியாச்சு. ஆனா பெல்ட் பச்சையா இருந்தா டாக்டருங்க கத்தியைத் தொட மாட்டேங்குறாங்க. அவளும் நார்மல்தான் வேணும்னு ஒத்தக் கால்ல நிக்கிறா."

"நிக்கட்டுமே சார். நார்மலுக்கு எல்லா வாய்ப்பும் இருக்கு."

"மேடம், உங்க பேரு பிரிசில்லான்னு சொன்னாங்க. உங்களுக்கு இந்தச் சித்திரை, அஷ்டமி, நவமி எல்லாம் கிடையாது. எங்களுக்கு இருக்குல்ல?"

"எனக்கு அளவுதான் சார் இருக்கு. பொய்யா சிவப்பு அனுப்ப முடியாது."

அவன் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும். "சரி விடுங்க மேடம். நானே வாயால சொல்லிக்கிறேன். அவளுக்குப் பயம் வந்துட்டா போதும், வலிக்குதுன்னு சொல்லுவா, பிரைவேட்ல எடுத்துருவாங்க. என் பொண்டாட்டிதானே" என்று வைத்துவிட்டான்.

எனக்கு வயிறு எரிந்தது. ஒரு வயிற்றை அறுக்கப் பார்க்கிறான், அதுவும் சும்மா. திரும்பக் கூப்பிட்டு, "கனிஷ்காகிட்ட போனைக் குடுங்க" என்றேன். குளிக்கிறாள் என்றான். சாயங்காலம் கூப்பிட்டேன். தூங்குகிறாளாம். மறுநாள் கூப்பிட்டேன். கோயிலுக்குப் போயிருக்கிறாளாம். அதற்கப்புறம் எடுப்பதையே விட்டுவிட்டான். அவளுடைய சொந்த நம்பர் எங்களிடம் கிடையாது.

எங்கள் மேற்பார்வையாளர் சபேசனிடம் போய் நின்றேன். நல்ல மனிதர். விதி என்று வந்துவிட்டால் மட்டும் சுவரில் மாட்டிய படம் மாதிரி ஆகிவிடுவார்.

"பதிவு செஞ்ச நம்பரைத் தவிர வேற யாருக்கும் அளவைச் சொல்லக்கூடாதும்மா. அந்தரங்கம்."

"யாரோட அந்தரங்கம் சார்? அந்தப் பொண்ணோடதுதானே? அவகிட்டயே சொல்லக் கூடாதா?"

"அவங்கதான்னு நமக்கு எப்படித் தெரியும்? நம்பர்தான் சாட்சி. நம்பர் யாருதோ தழும்பு அவருது." சொல்லிவிட்டு அவருக்கே கொஞ்சம் சங்கடமாகிவிட்டது. "அப்படித்தான் எழுதி வச்சிருக்காங்க. போய் உட்காரும்மா."

போய் உட்கார்ந்தேன். வேறென்ன செய்ய?

பங்குனி இருபத்தாறு, காலை வேளை. கனிஷ்காவின் கோடு திடீரென்று நின்றது. 'பெல்ட் கழற்றப்பட்டது' என்று திரையில் வந்தது. குளிக்கும்போது கழற்றுவார்கள், அதனால் அதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. கொஞ்ச நேரத்தில் தெரியாத நம்பரிலிருந்து ஓர் அழைப்பு வந்தது.

"மேடம், என் பேரு கனிஷ்கா. அருப்புக்கோட்டை. என் பெல்ட்டு சிவப்பு ஆயிருச்சுல்ல, அது எத்தனை மில்லிமீட்டர்னு சொல்லுங்க மேடம். சீக்கிரம் சொல்லுங்க. நர்சிங் ஹோம்ல இருக்கேன், டாக்டரம்மா கேக்குறாங்க."

பின்னால் தள்ளுவண்டிச் சக்கரம் உருளும் சத்தம். யாரோ விசும்பினார்கள்.

பதிவு செய்த எண் அல்ல. சொல்லக்கூடாது. கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் சபேசன் டீ குடித்துக்கொண்டிருந்தார். நான் திரும்பி உட்கார்ந்துகொண்டு சொல்லிவிட்டேன். வேலை போனால் போகட்டும்.

"கனிஷ்கா, நல்லா கேட்டுக்கோம்மா. உன் பெல்ட்டு ஒரு நாள்கூட சிவப்பு ஆகல. மஞ்சள்கூட ஆகல. உன் வீட்டுக்காரர் சித்திரைக்குப் பயந்து பொய் சொல்லியிருக்கார். உன் தழும்பு அருமையா இருக்கு. எந்திரிச்சு வீட்டுக்குப் போ. யாரையும் தொட விடாத."

அழுவாள், நன்றி சொல்வாள், கணவனைத் திட்டுவாள் என்று ஏதேதோ எதிர்பார்த்தேன். நல்ல காரியம் செய்த சந்தோஷத்தில் இருந்தேன், அதையும் சொல்லிவிடுகிறேன்.

அவள் "ஐயையோ" என்றாள். "மேடம், அது என் தழும்பு இல்ல."

"என்னது?"

"பெல்ட்டை நான் கட்டவே இல்ல மேடம். எங்க மாடியில குடியிருக்கிற அபிநயா அக்காதான் கட்டியிருந்தாங்க. அவங்களுக்கு இது மூணாவது. கவர்மென்ட்டு பெல்ட்டு ரெண்டாவதுக்கு மட்டும்தான்னு அவங்களுக்குக் குடுக்கல. அவங்க தங்கச்சி தையல் பிரிஞ்சுதான் செத்துப்போனாங்க. தூங்க மாட்டாங்க மேடம், ராத்திரியெல்லாம் வயித்தைப் புடிச்சுட்டே உக்காந்திருப்பாங்க. பாக்க முடியல. எனக்குத்தான் மொதத் தையல் நல்லா ஆறிருச்சுன்னு சொன்னாங்களே, எனக்கெதுக்குன்னு, பார்சல் வந்த அன்னிக்கே தூக்கி அவங்களுக்குக் கட்டி விட்டுட்டேன். தினம் காலையில இவர் பச்சைன்னு சொல்லுவாரு. நான் மாடிக்கு ஓடிப் போய் அக்காகிட்ட சொல்லுவேன்."

பெல்ட்டுக்குத் தழும்புதான் தெரியும், முகம் தெரியாது. இத்தனை வாரமாக நான் மெச்சிக்கொண்டிருந்த கோடு வேறொருத்தியுடையது. ஹரிகரசுதன் பெண்டாட்டியைப் பயமுறுத்தச் சொன்ன பொய் நேராக மாடிக்குப் போய் ஏறியிருக்கிறது.

"இப்ப அபிநயா எங்க?"

"உள்ள கொண்டு போறாங்க மேடம். முந்தாநாள் இவர் சிவப்புன்னு சொன்னதுலேருந்து அக்காவுக்கு வலி, வலின்னு ஒரே அழுகை. இன்னும் மாசம்கூட ஆகல. எட்டுதான் ஆகுது. சிவப்புன்னு நான்தான் டாக்டர்கிட்ட சொன்னேன். இப்பதான் பெல்ட்டைக் கழட்டி என் கையில குடுத்தாங்க."

"ஸ்கேன் வச்சுப் பாக்கலையா?"

"பெல்ட்டு வந்ததுக்கப்புறம் தழும்பை ஸ்கேன்ல பாக்குறதை விட்டுட்டாங்களாம். பெல்ட்டு சொன்னா சரிதான்னாங்க."

"கனிஷ்கா, ஓடு. கதவை மூடுறதுக்குள்ள ஓடு. போனை வச்சிராத."

அவள் ஓடினாள். மாதம் நிறைந்த பெண் ஓடும் சத்தத்தை நான் இதற்கு முன் கேட்டதில்லை. செருப்புச் சத்தத்தைவிட மூச்சுதான் பலமாகக் கேட்டது. "நிறுத்துங்க, டாக்டரம்மா நிறுத்துங்க, அது பொய்யி!" என்று கத்தினாள். யாரோ அதட்டினார்கள். அப்புறம் ஒரு கனத்த பெண் குரல் போனை வாங்கியது.

"டாக்டர் மெஹ்ருன்னிசா பேசறேன். யாருங்க நீங்க? மயக்க ஊசி போட முதுகைத் தொடைச்சு வச்சிருக்கோம், இந்தப் பொண்ணு கதவைப் புடிச்சுட்டு நிக்குது."

முழுவதையும் மூச்சு விடாமல் சொன்னேன். முடித்ததும், "அப்ப இந்த அம்மாவுக்கு மூணே முக்கால்?" என்றார்.

"ஆமா டாக்டர். இன்னிக்குக் காலை வரைக்கும்."

"எட்டு மாசப் பிள்ளையை வெளிய எடுத்திருப்பேனே." அந்தக் குரலில் இருந்த கனம் இறங்கிவிட்டது. "நுரையீரல்கூட சரியா ஆகியிருக்காது. சிஸ்டர், அவங்களை எந்திரிச்சு உக்காரச் சொல்லுங்க. தண்ணி குடுங்க."

அபிநயா பெரிதாக அழுவது கேட்டது. பயத்தில் அழுவதற்கும் பயம் போய் அழுவதற்கும் வித்தியாசம் போனிலேயே தெரிகிறது. நான் நாற்காலியில் சாய்ந்தேன். அப்போதுதான் உறைத்தது. ஒரு தழும்பின் கணக்கு தீர்ந்தது. இன்னொன்றை இதுவரை யாருமே பார்க்கவில்லை.

"டாக்டர், கனிஷ்கா பக்கத்துல இருக்காளா? பெல்ட்டை அவளைக் கட்டிக்கச் சொல்லுங்க."

"எனக்கெதுக்கு மேடம்?" என்று அவள் குரல் தூரத்தில் கேட்டது. "எனக்கு ஒண்ணுமில்ல. லேசா சுருக்கு சுருக்குன்னு இழுக்குது, அவ்வளவுதான். நாலு நாளா இருக்கு. இப்ப ஓடினதுல கொஞ்சம் கூட."

துணி சரசரத்தது. கொக்கி மாட்டும் சத்தம் கேட்டது.

திரையில் அவள் பெயருக்கு நேரே கோடு திரும்ப வந்தது. பச்சையில் தொடங்கவில்லை, மஞ்சளில் நிற்கவும் இல்லை. நேரே சிவப்பு. ஒன்று புள்ளி மூன்று. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒன்று புள்ளி இரண்டானது.

"டாக்டர்," என்றேன். அளவை மட்டும் சொன்னேன்.

"புரியுது. தியேட்டர் ரெடியாத்தான் இருக்கு. அந்த அம்மாவுக்கு எடுத்து வச்ச ரத்தம் இவளுக்கும் சேருமான்னு பாக்கறேன். வீட்டுக்காரரை வரச் சொல்லுங்க. சட்டப்படி இந்தப் பொண்ணு கையெழுத்து போதும். ஆனா வீட்டுக்காரர் கையெழுத்து இல்லாம இங்க யாரும் தொட்டதில்ல, நாளைக்கு வந்து கண்ணாடியை உடைப்பாங்க."

வரச் சொல்ல வேண்டிய அவசியமே இல்லை. சிவப்பு வந்த நொடியே பதிவு செய்த எண்ணுக்குத் தானாகச் செய்தி போயிருக்கும். எங்கள் மையத்தில் அது மட்டும் தாமதமே ஆகாது. என் இன்னொரு லைன் அடித்தது. ஹரிகரசுதன்.

"மேடம்! தெய்வம் மேடம் நீங்க! முடியாது முடியாதுன்னுட்டு கடைசியில அனுப்பிட்டீங்களே!"

"சார், இது நிஜமான சிவப்பு. உடனே கிளம்பி வாங்க. உங்க மனைவி நர்சிங் ஹோம்ல இருக்கா. தையல் எந்த நேரமும் பிரியலாம்."

"புரியுது, புரியுது. லைன் ரெக்கார்டு ஆகும்ல, நீங்க அப்படித்தான் பேசணும்."

"ரெக்கார்டுக்காகப் பேசல சார். ஒண்ணு புள்ளி ரெண்டு இருக்கு. நீங்க வந்து கையெழுத்துப் போடணும்."

"மேடம், இந்த மெசேஜ் போதும். இருபத்தெட்டு காலையில நானே கூட்டிட்டுப் போறேன். இன்னிக்கு அஷ்டமி, நாளைக்கு நவமி. இன்னிக்குன்னு அவசரப்படுத்தினா நம்பற மாதிரி இருக்காது பாருங்க."

"ஹரிகரசுதன்!" கத்திவிட்டேன். பக்கத்து மேசைகளில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். "உங்க பொண்டாட்டி செத்துப் போவா. பிள்ளையும் செத்துப் போகும். கேக்குதா? பெல்ட்டு இத்தனை நாளா அவ வயித்துலயே இல்ல."

"அட அட அட." அவன் சிரித்தான். நிஜமாகவே பாராட்டிச் சிரித்தான். "எங்க வீட்டுக்கே நேர்ல வந்து பேசுங்க மேடம், எங்கம்மாகூட நம்பிருவாங்க."

வைத்துவிட்டான். ஒருத்தனிடம் உண்மையைச் சொல்ல எத்தனை வார்த்தை உண்டோ அத்தனையும் தீர்ந்துவிட்டது. இந்தப் பக்கத்து லைனில் கனிஷ்கா காத்துக்கொண்டிருந்தாள்.

"அவர் வரமாட்டார்ம்மா. பொய்னு நினைக்கிறார்."

"நெனைக்கத்தான் செய்வாரு. அவர் சொன்னது பொய்யிதானே." அவள் குரல் தழுதழுக்கவில்லை. "நானும்தான் மேடம் அவர்கிட்ட பொய் சொன்னேன், பெல்ட்டு கட்டியிருக்கேன்னு. ரெண்டு பேருல யாரு யாரைத் திட்டுறது? டாக்டரம்மா, பேனா குடுங்க. நான் போடறேன்."

"வீட்டுக்காரர் இடத்துல?" என்றது ஒரு நர்ஸின் குரல்.

"அங்க நான் போடறேன்" என்றது இன்னொரு குரல். கரகரத்த, அழுது ஓய்ந்த குரல். அபிநயாவாக இருக்க வேண்டும். "மாடி வீடுன்னு எழுதிக்கங்க."

டாக்டர் மெஹ்ருன்னிசா லேசாகச் செருமினார். "எழுதிக்கோ சிஸ்டர்" என்றார். பெல்ட்டைக் கழற்றினார்கள். என் திரையில் கோடு நின்றது.

அதற்குப் பிறகு எனக்கு இருநூற்றுத் தொண்ணூற்றொன்பது கோடுகள் இருந்தன. ஒன்றும் மனதில் ஏறவில்லை. சபேசன் வந்து பக்கத்தில் நின்றார். விதியை மீறினேன் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. "எழுதிக் குடுக்கணும்மா, நான் கேட்டுத்தான் ஆகணும்" என்றார். எழுதித் தருகிறேன் என்றேன். போகாமல் அங்கேயே நின்றுகொண்டு, "அந்தப் பொண்ணு எப்படி இருக்கு?" என்றார். தெரியாது என்றேன். அவரும் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

மத்தியானம் அந்தத் தெரியாத நம்பரிலிருந்து அழைப்பு வந்தது. அபிநயா பேசினாள்.

"மேடம், பொண்ணு. ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க. கனிஷ்காவுக்கு இன்னும் மயக்கம் தெளியல. டாக்டரம்மா வெளிய வந்து உக்காந்துட்டாங்க மேடம். வயித்தைத் தொறந்தா தையல் இருந்த எடத்துல கண்ணாடித் தாளாட்டம்தான் இருந்துச்சாம். பிள்ளையோட தலைமுடி அதுக்கு அந்தப் பக்கம் அப்படியே தெரிஞ்சுச்சாம். இன்னிக்கு ராத்திரி தாங்கியிருக்காதுன்னாங்க."

"நீ எப்படி இருக்கேம்மா?"

"நானா? எனக்குத்தான் மூணே முக்காலாமே" என்று சொல்லிவிட்டு அவள் திரும்பவும் அழுதாள். "எனக்குன்னு அவ தூக்கிக் குடுத்துட்டா மேடம்."

சபேசனுக்கு விஷயத்தைச் சொன்னேன். அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பெல்ட்டை மாற்றிக் கட்டினால் கண்டுபிடிக்க ஒரு வழி வேண்டும் என்று மேலே எழுதப் போவதாகச் சொன்னார். எழுதுவார். குழு போடுவார்கள்.

சாயங்காலம் வேலை முடிந்து பையை எடுக்கும் நேரத்தில் என் லைன் அடித்தது. பதிவு செய்த எண்.

ஹரிகரசுதன் ஆஸ்பத்திரியிலிருந்துதான் பேசினான். பின்னால் ஒரு குழந்தை வீறிட்டுக் கத்திக்கொண்டிருந்தது, நல்ல பலமான குரல். யாரோ ஓர் அம்மாள், "அஷ்டமியிலயா, அஷ்டமியிலயா" என்று மாய்ந்துகொண்டிருந்தார். டாக்டர் எல்லாவற்றையும் அவனிடம் சொல்லியிருப்பார். கண்ணாடித் தாள், தலைமுடி, இன்று ராத்திரி. இப்போதாவது அவனுக்கு விளங்கியிருக்கும் என்று நினைத்தேன். மன்னிப்புக் கேட்டால் என்ன சொல்வது என்றுகூட யோசித்துவிட்டேன்.

"மேடம்," என்றான். குரலில் நிஜமான வருத்தம் இருந்தது. "உதவின்னு செஞ்சீங்க, நான் இல்லேங்கல. ஆனா ரெண்டே ரெண்டு நாள் பொறுத்து அனுப்பியிருந்தா நீங்க குறைஞ்சா போயிருப்பீங்க?"